ஆற்றங்கரையில் இல்லாத சாலை

அன்பு மகளுக்கு,

இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும் என்று இன்று காலை முடிவு செய்துவிட்டேன். ஆனாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே, முதலில் விசாரித்துவிடுகிறேன். அங்கே குளிரில் இருமாமல் தும்மாமல், அடுத்தவர் வாய்க்குள் குனிந்து பார்த்துப் பார்த்துக் கழுத்து வலிக்காமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன். இங்கே அம்மாவின் முழங்கால் மாடிப்படியைப் பார்த்தால் வலிக்கிறது, கடைத்தெருவைப் பார்த்தால் வலிப்பதில்லை. லிஃப்ட் மறுபடியும் இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது, இந்த முறை நல்லவேளையாக உள்ளே நான் இல்லை, கட்டடத்துச் சங்கத் தலைவர்தான் இருந்தார், அந்த வகையில் நல்ல வாரம். எனக்குப் புதிதாக ஒரு குறையும் இல்லை. பழைய குறைகள் எல்லாம் அப்படியே பத்திரமாக இருக்கின்றன.

உன் எல்லைப் போர்க் கட்டுரை வந்து சேர்ந்தது. எனக்கு அல்ல, அம்மாவுக்கு. முப்பது வருஷமாக வரைபட அலுவலகத்தில் உட்கார்ந்து குன்றும் ஆறும் எல்லைக்கோடும் வரைகிற ஒருவன் இதே வீட்டில் இருக்கிறான் என்பது உனக்கு மறந்துபோயிருக்கும், பரவாயில்லை, வேலை அதிகம். அம்மா தலைப்பைப் படித்தாள், உன் பெயரைப் படித்தாள், நாலு பக்கத்தையும் அச்செடுத்துச் சாப்பாட்டு மேசை மேல் எல்லார் கண்ணிலும் படும்படி வைத்தாள், அதற்கு மேல் அவள் படிக்கவில்லை. "நல்லாத்தான் எழுதியிருப்பா, அதையும் படிச்சுப் பார்க்கணுமா?" என்கிறாள். நான் படித்தேன். அழைக்காத விருந்தாளி மாதிரி ஓரமாக உட்கார்ந்து, பென்சிலும் கையுமாக, முழுக்கப் படித்தேன். மகளே, முதல் பத்தியிலேயே உன் போர்க்களத்தில் சூரியன் இரண்டு தடவை உதிக்கிறது. குண்டு ஒவ்வொன்றும் இடியென முழங்குகிறது, இடி இடித்தால் அது என்னவென முழங்கும் என்று நீ யோசிக்கவில்லை. காவல்சாவடியில் இருந்தவர்கள் எல்லாருமே சிங்கங்கள், அக்கரையிலிருந்து வந்தவர்கள் எல்லாருமே நரிகள், மனிதர் என்று ஒருவரும் அந்தப் பக்கம் வரவில்லை போலிருக்கிறது. ஆனால் அந்தக் குன்று கடைவாய்ப்பல் மாதிரி நடுவில் குழிந்து ஓரங்கள் உயர்ந்து நிற்கிறது என்று எழுதியிருக்கிறாயே, அது அருமை. அந்தப் பகுதி வரைபடத் தாளில் குன்றை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், எனக்குத் தோன்றவில்லை. பூகோளம் படி என்று நான் சொன்னபோது அதற்கு எதிர்காலம் இல்லை என்று சொல்லிவிட்டுப் பல் வைத்தியத்துக்குப் போனவள் நீ. பூகோளம் உன்னை விடவில்லை பார்த்தாயா. இதெல்லாம் சின்ன விஷயம், பென்சிலால் குறித்து வைத்திருக்கிறேன், பின்னால் அனுப்புகிறேன். நான் இப்போது எழுதுவது மூன்றாம் பக்கத்துக்காக.

மூன்றாம் பக்கத்தில் சாவடிக்கு ஆளும் வெடிமருந்தும் ஏற்றிப்போன லாரியைப் பற்றி எழுதியிருக்கிறாய். சண்டை முடிந்து எல்லாம் அடங்கிய பிறகுதான் லாரி வந்தது என்பது உண்மை, எல்லாரும் எழுதியதுதான். நீயாகச் சேர்த்தது அடுத்த இரண்டு வரி. "ஆற்றங்கரையை ஒட்டி நேர்ச்சாலை இருந்தும் ஓட்டுநர் மலையைச் சுற்றும் வழியைத் தேர்ந்தெடுத்தார். அச்சமே காரணமாக இருந்திருக்க வேண்டும்." பக்கத்திலேயே ஆதாரமாக வரைபடத் துண்டு ஒன்றையும் ஒட்டியிருக்கிறாய், ஆற்றங்கரைக் கோட்டின் மேல் சிவப்பில் அம்புக்குறி வேறு. மகளே, அந்தக் கோட்டை நன்றாகப் பார். இரட்டைக் கோடு, ஆனால் விட்டு விட்டுப் போட்டது. எங்கள் வழக்கத்தில் தொடர்ந்து ஓடும் இரட்டைக் கோடு என்றால் சாலை. விட்டு விட்டு வந்தால் போடப்போகிற சாலை. அதாவது அளந்து முளை அடித்திருக்கிறார்கள், யாரோ ஒரு அதிகாரி கையெழுத்துப் போட்டிருக்கிறார், மற்றபடி அங்கே சேறும் நாணலும்தான். இதையெல்லாம் தாளின் கீழ் ஓரத்தில் கட்டம் கட்டி எழுதித்தான் வைப்போம். நீ படம் அழகாக இருக்க வேண்டும் என்று ஓரத்தைக் கத்தரித்துவிட்டாய். எக்ஸ்ரே படத்தில் ஓரத்தைக் கத்தரித்துவிட்டு எந்தப் பல் என்று தேடுவாயா நீ? எனக்கே சந்தேகம் வந்து, எதற்கும் இருக்கட்டும் என்று பழைய தாளையும் அடுத்த பதிப்பையும் எடுத்துப் பார்க்கக் கீழ்த்தளத்துக் கிடங்குக்குப் போனேன். கிடங்குச் சாவி எங்கள் பிரிவுத் தலைவரிடம் இருக்கிறது. அளவுகோல் என்று நாங்கள் பெயர் வைத்திருக்கிறோமே, எனக்கு வரவேண்டிய நாற்காலியில் உட்கார்ந்து அதைத் தேய்த்துக்கொண்டிருப்பவர், அவரேதான். அவரிடம் போய் நின்று காரணம் சொல்ல வேண்டியதாயிற்று. "பொண்ணு எழுதினதா? அப்பாகிட்ட காட்டலியா சார்?" என்று சிரித்துக்கொண்டே சாவியைக் கொடுத்தார். அந்தச் சிரிப்பை உன் கணக்கில்தான் எழுதி வைத்திருக்கிறேன். இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்துப் பார்த்தேன். அடுத்த பதிப்பில்தான் அந்தச் சாலை முழுக்கோடாக வருகிறது, அது போருக்கு வெகுநாள் கழித்து. அன்றைக்கு அந்த லாரி போயிருக்கக்கூடிய வழி மலையைச் சுற்றிப் போகும் பழைய வழி ஒன்றுதான். அந்த வழியில் உயரத்தைக் காட்டும் கோடுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன, ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம், திருப்பத்துக்கு மேல் திருப்பம். வெடிமருந்து ஏற்றிய லாரியை விடு, நான் அந்த வழியில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுகூடப் போகமாட்டேன்.

இனி எனக்குச் சொல்லப் பிடிக்காத பகுதி. ஓட்டுநரின் பெயர் கிடைக்கவில்லை என்று அடிக்குறிப்பில் வருத்தப்பட்டிருக்கிறாய். நூலகத்தில் தேடினாயாம், இணையத்தில் தேடினாயாம். வீட்டுக்குப் போன் போட்டு அம்மாவைக் கேட்டிருந்தால் பெயர், வயது, செருப்பு அளவு எல்லாம் கிடைத்திருக்கும். அந்த லாரியை ஓட்டியவர் உன் பெரிய மாமா. ஆம், இரண்டு தெரு தள்ளி இருக்கிறாரே, அவர்தான். பட்டாளத்தில் லாரி ஓட்டினார் என்பது உனக்குத் தெரியும், எந்த லாரி என்பது தெரியாது. யாரும் சொன்னதில்லை. கல்யாணமான புதிதில் அம்மா ஒருமுறை என்னிடம் சொன்னாள். அன்றைக்கு லாரியை விட்டு இறங்கியதும் மேலதிகாரி கேட்ட முதல் கேள்வி "ஏன்டா இவ்வளவு நேரம்?" என்பதாம். பதில் சொல்ல விடவில்லையாம். அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. மற்ற எல்லாவற்றைப் பற்றியும் பேசுவார், அது வேறு.

அவருக்கும் எனக்கும் ஏன் பேச்சில்லை என்று நீ கேட்டதில்லை, பேச்சு நின்றது உனக்கு முன்பல் விழுந்திருந்த வருஷம். பெரியம்மா வீடு மாறியபோது எல்லாரும் இரண்டு வண்டியில் போனோம். முன் வண்டியில் வரைபடத்தோடு நான். பாதை ஒரு செங்கல் சூளையில் போய் முட்டி நின்றது. உன் மாமா வண்டியைத் திருப்பி எல்லாரையும் கூட்டிக்கொண்டு போனார், போனவர் சும்மா இருந்திருக்கலாம். சாப்பாட்டு நேரத்தில் அத்தனை பேர் முன்னால், "மாப்பிள்ளை ஊரையே வரைஞ்சு குடுத்துடுவாரு, ஊருக்குப் போகணும்னா மட்டும் நம்ம பின்னாலதான் வரணும்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். பல்லில்லாத வாயோடு நீயும் சிரித்தாய், நான் பார்த்தேன். வழியில் இருந்த சின்னப் பாலம் முந்தின வார மழையில் இடிந்துபோயிருந்தது, அதனால்தான் சூளைப் பக்கம் திரும்ப வேண்டி வந்தது, வரைபடத்தில் தவறே இல்லை. அதை யாரும் கேட்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை. அன்றிலிருந்து சலூனில் அவர் ஜன்னலோர நாற்காலி என்றால் நான் வாசலோர நாற்காலி. என்ன ஏது என்று கேட்காமலே ஒருவன் மேல் தீர்ப்பு எழுதிவிட்டால் அவனுக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருக்கும், அந்த விஷயத்தில் மட்டும் நாங்கள் ஒத்துப்போகிறோம்.

இதில் வேடிக்கை என்னவென்றால் மனிதர் ஆனந்தத்தில் இருக்கிறார். உன் கட்டுரை வரப்போகிற ஆண்டு மலரை நம் ஊர் வரலாற்று வட்டத்தார் வெளியிடும் அன்று அதை மேடையில் வாசிக்கப்போகிறார்களாம், பழைய பட்டாளத்துக்காரர்களுக்கு முன்வரிசை. உன் மாமாவுக்கும் அழைப்பு வந்திருக்கிறது. சலவைக்கடையில் கோட்டைக் கொடுத்துவிட்டு அங்கே வருகிறவர் போகிறவரிடமெல்லாம் "என் மருமக எங்க சண்டையப் பத்தி எழுதியிருக்கா" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். அம்மாவிடம், "நாங்க அந்தச் சுத்து வழியில எப்படிப் போனோம்னு யாராவது எழுதமாட்டாங்களான்னு இருந்தேன், நம்ம வீட்டுப் பொண்ணே எழுதிட்டா பாரு" என்றாராம். அம்மா அதை என்னிடம் சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மூன்றாம் பக்கம் மேசை மேல்தான் இருந்தது. நான் அதன்மேல் பேப்பரை மடித்து வைத்தேன். இப்போது அது என் பையில் இருக்கிறது, காணோம் என்று அம்மா தேடுகிறாள்.

ஆகவே நீ செய்ய வேண்டியது இது. மலர் இன்னும் அச்சுக்குப் போகவில்லை. இதைப் படித்து முடித்ததும் ஆசிரியருக்குச் சொல்லி அந்த இரண்டு வரியையும் படத்தையும் எடுத்துவிடு. பிறகு மாமாவுக்குப் போன் போடு. அந்த வழியில் எப்படிப் போனீர்கள் என்று கேள், கேட்டுவிட்டு நீ பேசாமல் இரு, அது உனக்குக் கஷ்டம்தான். அவர் சொல்வதை அவர் சொன்னபடியே எழுது. தயவுசெய்து சிங்கம் என்று மட்டும் எழுதிவிடாதே, அப்புறம் அவர் உட்கார்ந்திருக்கும் அறையில் வேறு யாரும் உட்கார முடியாது. கோழை என்றும் வேண்டாம், குறைதான் எழுத வேண்டுமானால் அவரைப் பற்றி என்னிடம் இன்னும் நல்ல குறைகள் நிறைய இருக்கின்றன, அதெல்லாம் நான் உழைத்துச் சேர்த்தது, எல்லாவற்றுக்கும் சாட்சி உண்டு. இந்த ஒன்று பொய். பொய்யாக ஒருவரைத் திட்டுகிற பழக்கம் நம் வீட்டில் கிடையாது.

அன்றைக்கு வேறு சாலை இல்லை என்பது எப்படித் தெரியும் என்று மாமா கேட்டால் வரைபடத்தைப் பார்த்து நீயே கண்டுபிடித்ததாகச் சொல். நன்றி என்று கடைசியில் ஒரு பட்டியல் போடுவீர்களே, அதில் என் பெயர் வரவே கூடாது. அம்மாவிடமும் மூச்சு விடாதே. போனில் சொல்லாமல் இதை எழுதுவதற்கே காரணம் அவள்தான், நீ பேசினால் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள். அவள் அண்ணனுக்காக நான் பேசினேன் என்று ஒருமுறை அவள் காதில் விழுந்துவிட்டால் மிச்ச காலம் முழுக்க அதைக் கேட்டுக்கொண்டே நான் சாப்பிட வேண்டும்.

நேரத்துக்குச் சாப்பிடு, நோயாளி காத்திருக்கிறார் என்று நின்றுகொண்டே விழுங்காதே. கண்ணாடியை மாற்று, பழைய எண் போதவில்லை என்பது உன் வரைபடத்திலிருந்தே தெரிகிறது. தொடர்ந்து எழுது, விட்டுவிடாதே, கடைவாய்ப்பல் குன்றை எழுதியவளுக்கு எழுத்து வரும். உடம்பும் மனசும் நன்றாக இருந்து, கை வைத்த காரியம் எல்லாம் உனக்குக் கூடி வரட்டும்.

கீழே கையெழுத்துப் போடப் பேனாவை வைத்தேன், எடுத்துவிட்டேன். நீ உன் அம்மாவின் மகள், இந்தக் காகிதத்தை ஒருநாள் உன் மாமாவிடம் காட்டாமல் இருக்கமாட்டாய். எழுத்தைப் பார்த்தே அவருக்குத் தெரிந்துவிடும், அது போகட்டும், பெயர் இல்லாத கடிதத்தை என்னுடையது இல்லை என்று அவர் முகத்துக்கு நேரே மறுக்கலாம். மறுக்க வேண்டுமானால் அவரோடு பேச வேண்டியிருக்கும். அதையும் யோசித்துவிட்டேன். கையெழுத்துப் போடாமலே தபாலில் சேர்க்கிறேன்.