கோட் கொள்ளாத அலுமாரி

இன்று பின்னேரம் காருக்குக் குளிர்கால டயர் மாற்றிக்கொண்டு வந்து, கையைக் கழுவிவிட்டு அலுமாரியைத் திறந்தேன். முதலில் மெழுகு வாசம். அதற்குப் பின்னால், முன்பின் தெரியாத யாரோ சிலரின் சவர்க்கார வாசம், பலகைக்குள் ஊறிப்போனது. அதற்கும் பின்னால் பூச்சி உருண்டை. அது நீ. இறந்துபோன சிநேகிதிகளை மற்றவர்கள் மல்லிகையோடும் சந்தனத்தோடும் நினைத்துக்கொள்கிறார்கள். எனக்கு நீ பூச்சி உருண்டையோடுதான் வருகிறாய்.

இருபத்துநாலு வயதில், இந்தக் குளிர் நாட்டுக்கு வந்த புதிதில், சென்ட் லோரன்ட்டில் நாங்கள் இருவரும் ஒரு வாடகை அறையில் இருந்தோம். நான் பல்கலைக்கழகம் போனேன். நீ மருந்துத் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கப் போனாய். உன் பட்டுச்சேலைகள் கட்டிலுக்குக் கீழே சூட்கேசில் கிடந்தன. வருடத்தில் இரண்டு தரம் அவற்றை வெளியே எடுத்து, உதறி, பழைய மடிப்புக்குக் குறுக்கே வேறு மடிப்பில் மடித்து வைப்பாய். பட்டு ஒரே மடிப்பில் நெடுங்காலம் கிடந்தால் அந்தக் கோட்டிலேயே அறுந்துபோகும் என்று நீ சொல்லித்தான் எனக்கு அது தெரியும். கர்க்லாண்டில் கணவரோடு வீடு வாங்கிய பிறகும் நீ அதை விடவில்லை. உன் கணவர் கராஜில் டயர் மாற்றும் நாளில்தான் நீ மேலே கட்டிலில் சேலைகளைப் பரப்புவாய். நான் ஓரத்தில் இருந்து தேநீர் குடிப்பேன்.

"அவர் டயரை மாத்திறார், நான் மடிப்பை மாத்திறன். ரெண்டும் ஒண்டுதான். விட்டா வெடிக்கும்" என்பாய்.

ஒரு நாளும் ஒரு தலைப்பைக்கூட நான் பிடித்துத் தந்ததில்லை. நீயும் கேட்டதில்லை.

இந்த எட்டாம் மாடி வீட்டை நான் வாங்கியதும் நீதான் முதல் ஆளாக வந்து பார்த்தாய். வெள்ளைச் சுவர், சாம்பல் நிறத் தரை, கைபிடி இல்லாத சமையலறைக் கதவுகள். சப்பாத்தைக் கழற்றிவிட்டு நடுவில் நின்று ஒரு சுற்றுச் சுற்றினாய்.

"இதென்னடி, வீடோ டிஸ்பென்சரியோ? இருந்தா ஆரும் ஊசி போட்டுவிட்டிடுவினம் போல கிடக்கு."

"எனக்குப் பிடிச்சிருக்கு."

"பிடிக்கட்டும். ஒரு நல்ல பழைய அலுமாரி வை. சித்திர வேலை செய்தது. அப்பதான் மனிசர் இருக்கிற இடம் எண்டு தெரியும்."

வாசலருகே ஒடுக்கமான ஒரு தட்டுத்தான் இருந்தது. என் குளிர்காலக் கோட்டுகளுக்கு எப்படியும் ஒன்று வாங்கத்தான் வேண்டும். சரி என்றேன். அப்படித்தான் அந்த இலையுதிர் காலத்தில் நான்கு சனிக்கிழமைகள் நீ காரை ஓட்ட, புவாண்ட்-கிளேரில் இருந்த அந்தப் பழைய சாமான் கடைக்குப் போனோம்.

அந்த அலுமாரியை நீ முதல் நாளே கண்டுவிட்டாய். இரட்டைக் கதவு. ஒவ்வொரு கதவிலும் சதுரம் சதுரமாக வைரப் பட்டை போலச் செதுக்கிய பலகைகள். செதுக்கலின் இடுக்குகளில் மட்டும் பழைய பச்சை வர்ணம் ஒட்டிக்கொண்டிருந்தது. நீ விரலை அந்த இடுக்குகளுக்குள் விட்டு ஓட்டிக்கொண்டே நின்றாய். நான் தொலைபேசி விளக்கைப் போட்டுக்கொண்டு பின்பக்கம் போனேன். உனக்குத் தெரியுமே, மருந்துத் தரக்கட்டுப்பாட்டில் பிழை கண்டுபிடிப்பதுதான் எனக்கு வேலை.

"என்னடி, செக்பொயின்ற்றிலை ஆமிக்காரன் மாதிரிச் சோதிக்கிறாய்? அடையாள அட்டை இருக்கோ எண்டும் கேளன்."

"பின்பலகை புதுசு. ஏமாத்திறான்."

நீ கடைக்காரக் கிழவனிடம் உன் தொழிற்சாலைப் பிரெஞ்சில் கேட்டாய். என் படித்த பிரெஞ்சைவிட அது அவனுக்கு நன்றாகவே விளங்கியது. பின்பலகை மாற்றியதுதான், ஒளிக்கவில்லை, கதவும் சட்டமும்தான் பழையவை என்றான். நீ என்னிடம் திரும்பி, "எனக்கும் ரெண்டு பல்லு கட்டினதுதான். என்னையும் வேண்டாம் எண்டு விட்டிட்டுப் போவியோ?" என்றாய். கிழவனுக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் அவனும் சேர்ந்து சிரித்தான்.

இரண்டாம் கிழமை, லிஃப்டுக்குள் கொள்ளாது என்றேன். ஆணியே அடிக்காமல் மர முளை வைத்து இறுக்கியது, கழற்றித் துண்டு துண்டாகக் கொண்டுபோகலாம் என்று கிழவன் சொன்னதாக நீ மொழிபெயர்த்தாய். நான் நம்பவில்லை. மூன்றாம் கிழமை அளவுநாடா கொண்டுபோனேன். ஒரு நுனியை உன்னைப் பிடிக்கச் சொன்னேன். உள்ளே ஆழம் போதவில்லை. ஹாங்கரை மாட்டினால் கதவு சாத்த நான்கு விரல் இடம் குறையும்.

நீ நாடாவை விட்டுவிட்டு, முழங்கையிலிருந்து விரல் நுனிவரை உன் கையைத் தட்டின்மேல் நீட்டி வைத்துப் பார்த்தாய்.

"காணும்."

"ஆருக்குக் காணும்? கோட்டின்ரை தோள் வெளியிலை நிக்கும்."

"சீலைக்குக் காணும். மடிச்சு வைக்கலாம்."

"என்னட்டை எட்டுச் சீலை. அதையும் நான் உடுத்து எத்தினை வருசம்?"

கிழவனின் நாய்க்கு என்ன வயது என்று போய்க் கேட்டாய்.

நான்காவது சனிக்கிழமை புதிதாக எதையும் அளக்கவில்லை. வேறு கடைகளையும் பார்ப்போம் என்றேன். திரும்பும் வழியில் நெடுஞ்சாலையில், "எப்ப எடுக்கிறாய்?" என்று கேட்டாய். "பேந்து பாப்பம்" என்றேன். உண்மையைச் சொன்னால், அந்தச் சனிக்கிழமைகள் எனக்குப் பிடித்திருந்தன. வாங்கிவிட்டால் அவை முடிந்துவிடும்.

உனக்குத் தீராத நோய் என்று எனக்குத் தெரிந்தது மார்கழியில். உனக்கு அது முதல் சனிக்கிழமைக்கு முன்பே தெரியும். ஆஸ்பத்திரியில் கடைசி மாதம் மறுபடியும் கேட்டாய், அலுமாரியை எடுத்தாயா என்று. "நீ சுகமாகி வா, ரெண்டு பேருமாய்ப் போய் எடுப்பம்" என்றேன். ஆறுதலாகப் பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டுதான் சொன்னேன். "நீ ஒருக்காலும் எடுக்கமாட்டாய்" என்று சொல்லிச் சிரித்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாய். களைப்பு என்று நினைத்தேன். பங்குனியில் நீ போய்விட்டாய். உன் கூறைச்சேலையை உனக்கு உடுத்திவிட்டார்கள். மற்றவற்றைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை.

அதற்குப் பிறகு ஏறக்குறைய ஒன்றரை வருடம் கழித்து, இந்த ஆடியில், உன் கணவர் அழைத்தார்.

"தங்கச்சி, அலுமாரி வாங்கியாச்சோ?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "எந்த அலுமாரி, அண்ணை?"

"அவ சொன்னவ, நீங்கள் அலுமாரி வாங்கின உடனை சீலையளைக் குடுக்கச் சொல்லி. நான் பாத்துக்கொண்டிருந்தனான். இப்ப வீட்டை விக்கப் போறன், மூத்தவளோடை போய் இருக்கப் போறன். அதுதான் கேக்கிறன்."

"ஏன் அண்ணை எனக்கு முதலிலை சொல்லேல்லை?"

"வாங்கும்வரைக்கும் கரைச்சல் குடுக்க வேண்டாம் எண்டும் சொன்னவ."

உன் கணவர் சொன்னதைச் சொன்னபடி செய்கிற மனிதர். உன் மருந்துகளை மணி தவறாமல் தந்த அதே ஒழுங்கோடு, இதற்கும் காத்திருந்தார். அவருடைய பேஸ்மென்ட்டில் ஐந்து பிளாஸ்டிக் பைகள். இருபத்தேழு சேலைகள். அவர் நீ போன பிறகும் தவறாமல் டயர் மாற்றியிருக்கிறார். மேலே நீ கட்டிலில் செய்த வேலையும் அந்த நாளுக்குரியது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

அங்கேயே, படியில் இருந்து, ஒன்றை விரித்துப் பார்த்தேன். கத்தரிப்பூ நிறச் சேலை. என் பட்டமளிப்பு விழாவுக்கு நீ வேலைக்கு லீவு சொல்லிவிட்டு உடுத்தி வந்தது. மடிப்போடு அறுந்திருந்தது, கத்தியால் கீறியதுபோல நேராக. சரிகை மட்டும் விடாமல் இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொண்டிருந்தது. "இது ஈரத்தாலையோ தங்கச்சி?" என்று அவர் பயந்துபோய்க் கேட்டார். "ஓம், ஈரத்தாலைதான் இருக்கும்" என்றேன். மடிப்பு மாற்றாமல் விட்ட குற்றத்தை அவர் சுமக்கத் தேவையில்லை.

உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. அது போகவில்லை, போகும் என்றும் தோன்றவில்லை. ஒரு வார்த்தை நேரே சொல்லியிருக்கலாம். "என்ரை மகள்மார் சீலை உடுக்கமாட்டினம், நீதான் வைச்சிருக்கவேணும், இதுக்குத்தான் அலுமாரி" என்று. சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்றும் யோசித்துப் பார்க்கிறேன். உன் வைத்தியரைக் கேள்வி கேட்டிருப்பேன். பரிசோதனை அறிக்கையைக் கொண்டுவரச் சொல்லியிருப்பேன். பின்பலகையைப் பார்த்ததுபோல அதையும் விளக்கடித்துப் பார்த்திருப்பேன். அது உனக்குத் தெரிந்திருக்கும்.

அடுத்த சனிக்கிழமை தனியாகப் போனேன். அலுமாரி அங்கேயே நின்றது. ஆழம் இல்லாததால் யாரும் எடுக்கவில்லையாம். எல்லாரும் கோட் மாட்டத்தான் கேட்கிறார்களாம். நாய் இல்லை, நான் கேட்கவில்லை. கிழவன் என்னை அடையாளம் கண்டு, "போன்ஜூர் மதாம்" என்றுவிட்டு, வாசலைப் பார்த்தான்.

"உங்கள் சிநேகிதி வரவில்லையா? அவவுக்குத்தானே இதில் ஆசை."

வேலையில் ஒரு தசம எண் பிழைத்தாலும் திருத்தாமல் விடமாட்டேன். "வீட்டில் இருக்கிறாள்" என்றேன்.

நீ மொழிபெயர்த்தபடியேதான் இருந்தது. முளைகளைத் தட்டிக் கழற்றினார்கள். எட்டுத் துண்டாக லிஃப்டில் ஏறியது. அரை மணி நேரத்தில் பூட்டிவிட்டுப் போனார்கள். வெள்ளைச் சுவரோடு அது பொருந்துகிறது என்று நான் சொல்லமாட்டேன். தவறான வீட்டுக்கு வந்துவிட்ட விருந்தாளிபோல நிற்கிறது. என் கோட்டுகள் வாசலில் இரும்புக் கொழுக்கிகளில் தொங்குகின்றன. தட்டுகளில் ஒரு மடித்த சேலை, உன் கை அளந்ததுபோலவே, சரியாக அடங்குகிறது.

இன்று இருபத்தேழையும் எடுத்தேன். எனக்குக் கை பழக்கமில்லை. ஆறு கஜத்தைத் தனியாளாகப் பிடிக்கத் தெரியாமல் ஒரு தலைப்பைக் கதவுக்குள் வைத்துச் சாத்திக்கொண்டு மறு தலைப்பைப் பிடித்தேன். அலுமாரி நன்றாகப் பிடிக்கிறது. அறுந்தவை மூன்று. அவற்றையும் மடித்துத்தான் வைத்தேன், அறுந்த கோட்டை மறைத்து அல்ல, மேலே தெரியும்படி. இடுப்பு நோகிறது. இதில் எதையும் நான் உடுக்கப்போவதில்லை. எனக்குப் பிறகு இவற்றை யார் எடுப்பார்கள் என்றும் தெரியாது.

வசந்தத்தில் டயர் திரும்ப மாற்ற, கராஜில் இன்றே நாள் எடுத்துவிட்டு வந்தேன். அன்று பின்னேரத்துக்கு வேறு எதையும் வைக்கவில்லை.