நான்காம் எண்ணுக்கு விழுந்த அடி

நாள் 143. 07:20

ஜெபசிங் அடித்தது நான்காம் எண் இயந்திரத்தை மட்டும்தான். மற்ற பதினொன்றும் ஏன் அவரைக் கண்டு ஒதுங்குகின்றன? எனக்குத் தெரியவில்லை.

இதைப் பின்னால் படிப்பவருக்கு: இது நிலவின் தென்முனையில், கூரை மூடிக் காற்று நிரப்பிய பனிச்சுரங்கம். நான் பூரணி, முனைவர் பட்டம் பெற்றவள். இயந்திரங்களின் நிரலைக் கவனிப்பது என் வேலை. ஜெபசிங் மெக்கானிக். மெஹருன் வண்டி ஓட்டுகிறாள். பனியை வெட்டுவதற்கு ஒரே வகையைச் சேர்ந்த பன்னிரண்டு இயந்திரங்கள். நேற்று நான்காம் எண் ஜெபசிங்கின் விரலை நசுக்கியது. அவர் கடப்பாரையால் அதைச் சாத்தினார். இன்று குழிக்குள் இறங்கியதும் மற்றவை பின்வாங்கி அவருக்கு வழிவிட்டன.

ரேடியோவில் அவர்: "பாத்தீங்களா டாக்டரம்மா. ஒருத்தனுக்குப் போட்டா ஊருக்கே வலிக்கி. ஒங்க படிப்புல இது உண்டா?"

தற்செயல் என்று பதிகிறேன். ஒருமுறை நடந்ததை வைத்து எதையும் சொல்ல முடியாது.

நாள் 145. 08:00

தற்செயல் இல்லை. ஜெபசிங் நான்காம் எண்ணின் வெட்டுக்கையைக் கழற்றிவிட்டு, பட்டறையில் சங்கிலி போட்டு நிறுத்தியிருக்கிறார். அடி வாங்குவதற்கென்றே. தினமும் வேலைக்கு இறங்குமுன் மூன்று நான்கு போடு. குழியில் மற்றவை அடங்கி நடக்கின்றன. உற்பத்தி கூடியிருக்கிறது.

மெஹருன்: "ஜெபண்ணே, பல்லு வெளக்கிட்டு அடிக்கிறீங்களா, அடிச்சிட்டு வெளக்குறீங்களா?"

ஜெபசிங்: "அடிச்சிட்டுத்தான் தாயி. அப்பதான் நல்லா பசிக்கி."

நான் சிரித்தேன். அதையும் பதிகிறேன்.

நாள் 147. 11:05

நிரலைப் படித்தேன். காரணம் கிடைத்துவிட்டது.

ஓர் இயந்திரத்தின் நினைவில் மூன்று வகை மாறிகள், அதாவது குறித்துவைக்கும் எண்கள், உண்டு. முதல் வகை, ஒரு செயல் நடக்கும்வரை மட்டும் இருப்பது. பாறையை எந்தக் கோணத்தில் வெட்டுவது என்ற கணக்கு அப்படி; வெட்டி முடித்ததும் அழிந்துவிடும். இரண்டாவது, ஒவ்வோர் இயந்திரத்துக்கும் தனியானது. ஏழாம் எண்ணின் பேட்டரி தீர்ந்தால் எட்டாம் எண்ணுக்கு அதனால் ஒன்றுமில்லை. மூன்றாவது, அந்த வகை முழுவதற்கும் பொதுவானது. குழியின் ஆழம் அப்படி. ஒன்று அளந்து எழுதினால் பன்னிரண்டும் அதையே படிக்கும்.

மனிதர் அருகில் வந்தால் எவ்வளவு ஆபத்து என்று குறிக்கும் எண், போன மாதம்வரை இரண்டாம் வகை. தலைமையகம் அனுப்பிய புதுப் பதிப்பில் அதைப் பொதுவாக்கிவிட்டார்கள். ஒன்று கற்றதைப் பன்னிரண்டும் கற்கட்டும் என்று குறிப்பு எழுதியிருக்கிறார்கள். ஓர் அடிக்கு ஐந்து கூடும். அறுபதுவரை இயந்திரம் ஒதுங்கி நிற்கும். அறுபதைத் தாண்டினால் மனிதரை, மேலே விழப்போகும் பாறையாக எடுத்துக்கொள்ளும். விழுமுன் உடைத்து அகற்றும்.

நேற்றுவரை எண் 60. இன்று காலை ஐந்து அடிக்குப் பிறகு 85. இருவரும் இப்போதுதான் குழிக்குள் இறங்கியிருக்கிறார்கள். கூப்பிடுகிறேன்.

நாள் 147. 11:20

ஜெபசிங் இறந்துவிட்டார்.

"சொல்லுங்க டாக்டரம்மா, இந்த ரெண்டாம் நம்பர் பய என்ன மொறைக்கி..." என்றார். அதன் பிறகு வெட்டும் சத்தம். ஒன்று அவரை இடுப்பில் வெட்டியது. மற்றவை பாறையை உடைப்பதுபோல் வரிசையாக வந்து உடைத்தன. துண்டுகளை அள்ளி, கழிவைக் கொண்டுபோகும் ஓடுபட்டையில் போட்டன. கேமராவில் முழுவதும் பார்த்தேன். இரண்டு நிமிடம் ஆகவில்லை.

மெஹருன் வண்டிக்குள் ஏறிப் பூட்டிக்கொண்டாள்.

"டாக்டர், கதவ அறுக்குது. சக்கரத்தையும் அறுக்குது. ஏதாச்சும் பண்ணுங்க."

நாள் 147. 11:31

இங்கிருந்து அந்த எண்ணை மாற்ற வழியில்லை. வெளியிலிருந்து யாரும் தொடக்கூடாது என்று பூட்டியிருக்கிறார்கள். இயந்திரம் தானே பட்டு அறிந்தால்தான் மாறும். அடித்தால் ஏறும். இறங்குவதற்கு ஒரே வழி: மனிதர் ஒருவர் அதன் முன்தகட்டில் கை வைத்து, அடிக்காமல் நிற்க வேண்டும். நிமிடத்துக்கு ஒன்று குறையும்.

எந்த இயந்திரமானாலும் சரி. எண் எல்லாவற்றுக்கும் பொது.

வெட்டுக்கை இல்லாதது நான்காம் எண் ஒன்றுதான். பட்டறைக்குப் போகிறேன். வண்டிக் கதவு அரை மணி நேரம் தாங்க வேண்டும்.

நாள் 147. 11:44. குரல் பதிவு

எண் 79. கை வைத்திருக்கிறேன். வெட்டுக்கை இல்லை, பிடிக்கை இருக்கிறது. அதை நான் யோசிக்கவில்லை. என் இடது முன்கையைப் பிடித்திருக்கிறது. எலும்பு முறிந்துவிட்டது. சத்தம் கேட்டது. வலது கை தகட்டில்தான் இருக்கிறது. கடப்பாரை காலடியிலேயே கிடக்கிறது.

அதைப் பார்க்கக்கூடாது.

நாள் 147. 11:56. குரல் பதிவு

67. சுவரில் அறைகிறது என்னை. மறுபடி. விலா. பேச... மூச்சு இல்லை. கையை எடுக்கவில்லை.

மெஹருன்: "டாக்டர், ஓட்டை போட்டுடுச்சு. கத்தி உள்ள வருது. என் கால்..."

திரும்ப அடிக்க வேண்டும் என்று இருக்கிறது. இவ்வளவு வெறி எனக்குள் இருந்தது தெரியாது. ஜெபசிங்குக்கும் இப்படித்தான் இருந்திருக்கும்.

நாள் 147. 12:04. குரல் பதிவு

59.

மெஹருன்: "நின்னுடுச்சு. டாக்டர், எல்லாம் நின்னுடுச்சு. பின்னால போகுது."

நான்: "எதையும் அடிக்காதே. எது முன்னால் வந்தாலும் அடிக்காதே. புரிகிறதா?"

"சத்தியமா அடிக்க மாட்டேன். தொடக்கூட மாட்டேன். சக்கரம் ரெண்டு போச்சு, ஒட்டுப்போட்டு உருட்டிக்கிட்டுதான் வரணும். நாளைக்கு விடிஞ்சிடும். இருப்பீங்கல்ல?"

இருப்பேன் என்றேன். நான்காம் எண் இப்போது அசையவில்லை. ஆனால் பிடிக்கை வளைந்து இறுகிவிட்டது, திறக்க மறுக்கிறது. இன்னும் கொஞ்சம் இறக்கிவைக்கிறேன். 58. 57. கண் இருட்டுகிறது.

நாள் 148. 09:15

நடந்ததை நடந்தபடி பதிகிறேன்.

நான் மயங்கியதும் கை தகட்டிலிருந்து நழுவியிருக்கிறது. எண் 52-இல் நின்றுவிட்டது. மெஹருன் இன்று காலை எட்டரை மணிக்கு வந்தாள். குழியிலிருந்து வரும் வழியெல்லாம் இயந்திரங்கள் ஒதுங்கி இடம் விட்டனவாம். அவள் ஒன்றையும் தொடவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள்.

பட்டறைக் கதவைத் திறந்தாள். நான் ரத்தத்தில் கிடந்தேன். என் கை அதன் பிடியில். நான் செத்துவிட்டதாக நினைத்தாளாம். கடப்பாரை காலடியில் கிடந்தது.

சத்தம் கேட்டுத்தான் எனக்கு நினைவு வந்தது. "ஜெபண்ணனையும் தின்னுட்டு இவங்களையுமா" என்று ஒவ்வோர் அடிக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறந்தேன், குரல் வரவில்லை. பிடிக்கை ஒடிந்து என் கை விடுபட்டது. அவள் நிறுத்தவில்லை. முன்தகடு உடைந்து, நான்காம் எண்ணின் விளக்குகள் அணையும்வரை அடித்தாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன்.

எண் 97.

இனி முன்னால் நின்று கை வைப்பதற்கு வெட்டுக்கை இல்லாத இயந்திரம் எதுவும் இல்லை. கேமராவில் பதினொன்றும் குழியிலிருந்து ஏறி வருகின்றன. முதல் இரண்டு வெளிக்கதவை எட்டிவிட்டன.

மெஹருன் தரையில் உட்கார்ந்து என் கைக்குக் கட்டுப் போடுகிறாள். அவளுடைய காலிலும் ரத்தம் நிற்கவில்லை. "இனிமே ஒண்ணும் பண்ணாது டாக்டர்" என்கிறாள்.

திரையை அவள் பார்க்காதபடி சுவர்ப்பக்கம் திருப்பிவைத்தேன்.