வேகப்பொத்தானுக்கு நான் வாங்கிய தடை

அனுப்புநர்:
சு. தம்பிதுரை,
மோட்டார் காயில் கட்டும் பட்டறை,
சூலூர், கோயம்புத்தூர் மாவட்டம்.

பெறுநர்:
திரு. ஈஸ்வரமூர்த்தி அவர்கள்,
தலைவர், நடுவர் குழு,
கொங்கு ஸ்பீட்ரன் சங்கம், கோயம்புத்தூர்.

பொருள்: ‘ஏழாம் சுரங்கம்’ போட்டியில் வேகப்பொத்தான் மீதான தடையை நீக்கவும், செல்வி அன்புக்கரசியின் நேரத்தை மீண்டும் பட்டியலில் சேர்க்கவும் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. ஒரு போன் விளையாட்டைத் தொடக்கம் முதல் முடிவு வரை மிகக் குறைந்த நேரத்தில் முடிப்பதே நம் போட்டி. ‘ஏழாம் சுரங்கத்தில்’ வேகப்பொத்தான் ஒன்று உள்ளேயே இருக்கிறது. அழுத்தினால் ஒவ்வொரு சுரங்கத்திலும் அரை நிமிடம் மட்டும் பேச்சு, நடை, எதிரிகள் எல்லாமே மூன்று மடங்கு வேகத்தில் ஓடும். கடந்த தை மாதம் அதைத் தடை செய்தோம். தாராபுரம் அன்புக்கரசி அதைப் பயன்படுத்தி 31 நிமிடம் 12 விநாடியில் முடித்து முதலிடத்தில் இருந்தார். தடையால் அவர் நேரம் நீக்கப்பட்டது. பொத்தானைத் தொடாமல் 38 நிமிடம் 40 விநாடி எடுத்த நான் முதலிடத்துக்கு வந்தேன்.

2. தடை கோரி மனு எழுதியவனும் நானே. பழைய போன்களில் ஓடும் பதிப்பில் அந்தப் பொத்தான் இல்லை, அவர்களுக்கு இது அநீதி என்று உருக்கமாக எழுதியிருந்தேன். நம் சங்கத்தில் பழைய பதிப்பில் ஆடுபவர் பொள்ளாச்சி கதிர்வேல் ஒருவர்தான். அவர் கேட்டது தடையை அல்ல, தனிப் பட்டியலை. அதை என் மனுவில் சொல்லாமல் விட்டேன்.

3. பொத்தானை அழுத்தினால் ஆட்டம் தானாக முடிந்துவிடும் என்று நினைப்பவர்கள் ஒருமுறை முயன்று பார்க்கட்டும். ஐந்தாம் சுரங்கத்தில் தாவித் தாண்ட வேண்டிய தொங்கு பலகைகளும் மூன்று மடங்கு வேகத்தில் ஆடும். கண் சிமிட்டும் நேரம் பிந்தினாலும் பள்ளம்தான். துணிக்கடை பில் கவுண்டரில் பகலெல்லாம் நின்றுவிட்டு வந்து, அந்த ஒரு தாண்டலைப் பதினான்கு மாதம் பழகினார் அன்புக்கரசி. நானும் நான்கு மாதம் முயன்றேன். என் விரலுக்குப் பிடிபடவில்லை. ஆகவே தடை கேட்டேன். பொறாமை என்பதைத் தவிர இதற்கு வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை.

4. வாக்கெடுப்பு நடந்த விதத்தையும் பதிவு செய்ய வேண்டும். என் புதுவீட்டு விசேஷத்துக்குச் சங்கத்தார் பதினோரு பேரையும் அழைத்திருந்தேன். இலையில் இரண்டாவது ஒப்புட்டு வைத்து, நெய் ஊற்றிய கையோடு, “எல்லாருக்கும் சம்மதந்தானுங்களே?” என்று கேட்டேன். குடிபுகுந்த நாளில், சாப்பிட உட்கார்ந்த இடத்தில், வீட்டுக்காரனிடம் முடியாது என்று சொல்ல நம் பக்கம் யாருக்கு வாய் வரும்? தாங்கள் உட்பட எல்லாரும் இடது கையைத் தூக்கினார்கள். வலது கையில் ஒப்புட்டு இருந்தது. அன்புக்கரசியும் தூக்கினார். அதைத்தான் ‘ஒருமனதாக’ என்று பதிவேட்டில் எழுதி வைத்திருக்கிறோம்.

5. புறப்படும்போது, “ஊடு நல்லா அமைஞ்சிருக்குதுங்கண்ணா” என்று மட்டும் அவர் சொன்னார். அதன்பின் ஒரு ஆட்டமும் பதிவிடவில்லை. சென்ற வாரம் ஆண்டுப் போட்டிக்கு வருகிறாரா என்று போனில் கேட்டேன். “அந்த கேமையே போன்ல இருந்து எடுத்துப்போட்டனுங்கண்ணா” என்றார். குரலில் கோபம் துளியும் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

6. எனவே, பொத்தானோடு ஆடுபவர்களுக்கு ஒன்று, இல்லாமல் ஆடுபவர்களுக்கு ஒன்று என இரண்டு பட்டியல்கள் வைத்து, முதல் பட்டியலின் தலையில் அன்புக்கரசியின் நேரத்தை மீண்டும் எழுதுமாறு வேண்டுகிறேன். ஆண்டுப் போட்டி மேடையில் ஆட எனக்கு வந்த அழைப்பிதழை இத்துடன் திருப்பி அனுப்பியுள்ளேன். என் பெயரை அடித்துவிட்டு அவர் பெயரை எழுதி, தாங்களே நேரில் கொண்டுபோய்க் கொடுத்தால் நல்லது. அன்று நான் பார்வையாளர் வரிசையில் இருப்பேன்.

இதையும் வாக்கெடுப்புக்கு விடுவதாக இருந்தால், சங்க அலுவலகத்தில் வையுங்கள். முடிந்த பிறகு அவரவர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுக்கொள்ளட்டும்.

தங்கள் முடிவுக்குக் கட்டுப்படும்,
(ஒப்பம்)
சு. தம்பிதுரை

இடம்: சூலூர்
நாள்: 11.08.2025

இணைப்பு: ஆண்டுப் போட்டி அழைப்பிதழ், அசல்.