ஸ்கெலட்டன் வார்டில் சுயேச்சை

திங்கள்
காலையில் பனி. ஸ்வெட்டர். நகரசபைத் தேர்தலுக்கு பெங்களூர் ரயிலிலேயே ஓட்டு கேட்டேன். எங்கள் வார்டில் (பெயரே ஸ்கெலட்டன்) பாதிப்பேர் பகலில் ஊரில் கிடையாது, வேலைக்கு இந்த ரயிலில்தான். பழைய சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளுக்குப் போனால் பூட்டைத்தான் கும்பிட வேண்டும். சின்னம்: தையல் மெஷின். கார்மெண்ட்ஸ் வேலைக்குப் போகிறவளுக்குப் பொருத்தம்தான்.

பெட்டியில் ஒரு அம்மா: "இன்னா சாந்தி, எந்தக் கட்சி?"
"சுயேச்சைம்மா."
"அப்ப ஜெயிச்சிட்டு யாராண்ட போய் சேருவ?"
பெட்டியே சிரித்தது. நானும். சிவப்பு, நீலம், கறுப்பு-சிவப்பு எல்லாக் கொடியையும் தூக்கிப் பார்த்த ஊர். தலையில் வைத்து ஆடும், பிடிக்காவிட்டால் அடுத்த முறை இறக்கிவிடும். எனக்கு வேண்டியது ஒன்றே: ஸ்டேஷனிலிருந்து லைன் வரை விளக்கு. இருட்டில் நடந்து அலுத்துவிட்டது. ஜெயிக்கணும்.

தேர்தலில் என்னை எதிர்த்து நிற்பது பக்கத்து வீட்டு மல்லிகா அக்கா (இனி ம.அக்கா, கை வலிக்கிறது). பெரிய கட்சி டிக்கெட். நடுவே ஒரே சுவர். அவர் மிக்சி ஓடினால் என் டம்ளர் ஆடும்.

வெள்ளி
குழாயில் தண்ணீர் வரும் நாள். பிரச்சாரம் கிடையாது, இன்று ஓட்டு கேட்டுப் போனால் இருப்பதும் போகும். ம.அக்காவின் ஆட்டோ மட்டும் மைக்கோடு வந்து நின்றது. தமிழ், கன்னடம், தெலுங்கு. குடத்தோடு ஒரு பெண்: "மூணு பாஷையிலயும் வழிய மறிச்சிக்கினு நிக்கிறியே, நகுருப்பா."

வாங்க வேண்டியது: பெருங்காயம், தீப்பெட்டி, செருப்புக்கு ஊக்கு.

ஞாயிறு
ஓட்டு. நல்ல வெயில். பள்ளிக்கூடத்தில் வரிசை, கோயில் திருவிழா மாதிரி.

ம.அக்கா சின்னத்தை அமுக்கினேன். அப்பா சுரங்கத்தில் ஷாஃப்ட் வேலை பார்த்தவர், யூனியன் தேர்தலில் நின்றவர். "தன் பேருக்கே ஓட்டு போட்டுக்கிறவன் நாளைக்கு தனக்கேதான் வேலை பார்ப்பான்" என்பார். என்னால் அதை மீற முடியவில்லை.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். பாதித் தோசையில் எழுந்துவிட்டார். "கோயிலுக்குப் போயி பக்கத்து ஊட்டுக்காரிக்கு வேண்டிக்கினு வர்ற ஆளு நீ ஒருத்திதான்."

புதன்
எண்ணிக்கை. லீவு போட்டேன். சரிசமம். மறுபடி எண்ணினார்கள். சரிசமமேதான். வீட்டுக்காரர் என்னைப் பார்த்த பார்வையில் மிளகாய் வதங்கும்.

ம.அக்காவிடம் மெல்லக் கேட்டேன், நீங்கள் யாருக்குப் போட்டீர்கள் என்று.
"எனக்குத்தான். பின்ன உனக்கா?"
நான் போட்டதைச் சொன்னேன். "லூசாடி நீ," என்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார், விடவே இல்லை. வேர்த்திருந்தது அவர் கையா என் கையா, தெரியாது.

சரிசமம் என்றால் குலுக்கல்தானாம். டப்பாவில் இரண்டு சீட்டு. அதிகாரி ஒன்றை எடுத்துப் பிரித்தார். என் பெயர். அழுதுவிட்டேன். சந்தோஷம், அப்படியொரு சந்தோஷம். வீட்டுக்காரர் பட்டாசு வாங்க ஓடினார். ம.அக்கா கட்சித் துண்டை எடுத்து என் முகத்தைத் துடைத்துவிட்டார். அவர் கட்சிக்காரர்கள் முறைத்தார்கள். அவர் கவலைப்படவில்லை.

வியாழன்
பனி. டிபன் பாக்ஸ் கட்டி ரயிலுக்குக் கிளம்பும்போது கதவு தட்டல். ம.அக்கா.
"மெம்பரம்மா, எங்க ஊட்டு முன்னாடி சாக்கடை அடச்சிக்கினு கீது. வந்து பாருங்க."
"அக்கா, நேத்துதான ஜெயிச்சேன்."
"அதுக்கு? நான் ஜெயிச்சிருந்தா நீ இந்நேரத்துக்கு வந்து என் கதவைத் தட்டியிருக்க மாட்ட?"
தட்டியிருப்பேன்தான். ரயில் போய்விட்டது.