இரண்டாவது ஆள் இலவசம்

மண்ணூர்
6-9-2025, சனிக்கிழமை

அன்புள்ள தம்பி எழிலரசனுக்கு,

அக்கா செந்தாமரை எழுதுவது. நலம் விசாரித்துத் தொடங்கலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. அதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். பதினெட்டு நாளாக உனக்கு போன் அடிக்கிறேன். எடுக்க மாட்டேன் என்கிறாய். மெசேஜைப் பார்க்கிறாய், பதில் இல்லை. மாமா போனிலிருந்து அடித்தால் மீட்டிங்கில் இருப்பதாகத் தானாக ஒரு வரி வருகிறது. ஞாயிற்றுக்கிழமை கூடவா மீட்டிங்? அதனால்தான் உன் ஆபீஸ் முகவரிக்கே கூரியர் போடுகிறேன். கையெழுத்துப் போட்டு வாங்கியாக வேண்டும். வாங்கிக் கடைசி வரைக்கும் படி.

ஜூலை எட்டாம் தேதி நீ போன் செய்தபோது கேன்டீனில் தட்டோடு வரிசையில் நின்றிருந்தேன். சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பல், இரண்டு ராத்திரி, அறுபது சதவீதம் தள்ளுபடி, அறைக்கு இரண்டாவது ஆள் இலவசம், இன்றோடு முடிகிறது என்று மூச்சு விடாமல் சொன்னாய். மும்பையில் கப்பல் டிக்கெட் விற்கும் ஆபீசில் சேர்ந்து இரண்டு வருஷத்தில் நீ எங்களுக்கென்று சொன்ன முதல் நல்ல சேதி அதுதான். சாம்பார் ஆறிப்போவது கூடத் தெரியாமல் கேட்டுக்கொண்டிருந்தேன், மடச்சி.

எனக்காகவா கேட்டேன்? கோவிந்தம்மாவுக்காக. பென்னலூர் கோவிந்தம்மாவை உனக்குத் தெரியும். என் கல்யாண நாளில் உனக்குப் பாயசம் ஊற்றி ஊற்றித் திகட்ட வைத்தவள். எங்கள் கம்பெனியில் பேக்கிங் செக்ஷனில் கான்ட்ராக்டில் பத்தொன்பது வருஷம். இந்தச் செப்டம்பர் முப்பதோடு வயது முடிந்து அனுப்பிவிடுகிறார்கள். எங்களில் யாராவது வெளியே போனால் எல்லோரும் சேர்ந்து குத்துவிளக்கோ பீரோவோ வாங்கித் தருவது வழக்கம். அவளைக் கேட்டதற்கு, "பீரோ வாங்கி இன்னாத்த வச்சுப் பூட்டப் போறேன்? நான் கட்டுன பொட்டி அத்தினியும் கப்பல்ல போவுது. நான் ஒருக்கா போயி வந்தா ஆவாதா?" என்றாள். கேலியாகத்தான் சொன்னாள். ஆனால் அதற்கப்புறம் பெட்டிக்கு ஸ்டிக்கர் ஒட்டும்போதெல்லாம் அந்தக் கப்பல் படத்தை அவள் விரலால் ஒரு தடவை தடவுவதை நானே பார்த்திருக்கிறேன்.

அந்த நேரத்தில்தான் உன் போன். நான் காசு கொடுக்கும் அறையில் இரண்டாவது ஆளாக அவள் வந்தால் அவளுக்குச் செலவே இல்லை என்று கணக்குப் போட்டேன். ஆயுத பூஜைக்குக் கம்பெனி மூடும் நாளும் கப்பல் கிளம்பும் அக்டோபர் மூன்றாம் தேதியும் பொருந்தி வந்தது. டீ இடைவேளை பத்தே நிமிஷம். அதற்குள் ஏழு பேரைப் பிடித்தேன். எட்டுப் பெண்கள், நான்கு அறை. நீ அனுப்பிய விளம்பரத்தில் ஐம்பத்தெட்டாயிரத்தைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சிவப்பில் இருபத்து மூவாயிரத்து இருநூறு என்று போட்டிருந்தது. கடிகாரம் வேறு பின்னோக்கி ஓடிக்கொண்டிருந்தது.

ஜாஸ்மின்தான் கேட்டாள். "அக்கா, இந்த அம்பத்தெட்டாயிரத்த இன்னிக்கி வரைக்கும் யாருனா குடுத்துக்கீறாங்களா?" என்று. குன்றத்தூரிலிருந்து பஸ்ஸில் வரும் பெண், என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள். அவளுக்கு வந்த சந்தேகம் எனக்கு வரவில்லை. வரவில்லை என்பது மட்டுமா, அத்தனை பேர் முன்னால் சள்ளென்று விழுந்தேன். "என் தம்பி சொல்றான். அவன் இன்னா வெளியாளா?" என்றேன். அந்தப் பெண் முகம் சுருங்கிப் போய்ப் பணத்தை எடுத்துக் கொடுத்துவிட்டாள். இப்போது நினைத்தாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

மறுநாளே ஆரம்பித்தது. துறைமுகக் கட்டணம், சேவைக் கட்டணம், வரி என்று தலைக்கு எட்டாயிரத்து நானூறு. இலவச ஆளுக்கும் எட்டாயிரத்து நானூறு! இது என்னடா இலவசம்? கட்டாவிட்டால் கொடுத்த பணமும் திரும்பாதாம். தள்ளுபடி டிக்கெட்டுக்கு ரத்தும் கிடையாது, தேதி மாற்றமும் கிடையாது என்று எறும்புத் தலை அளவு எழுத்தில் போட்டிருக்கிறது. நீ அதை எனக்கு வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

கோவிந்தம்மா பங்கை நாங்கள் பிரித்துக் கட்டிவிடலாம் என்றுதான் இருந்தோம். யாரோ பஸ்ஸில் பேசியது அவள் காதில் விழுந்துவிட்டது. "ஃப்ரீன்னு சொன்னதாலதான் சரின்னேன். என் பேர்ல வர்ற செலவ நான்தான் குடுப்பேன், இல்லாங்காட்டி நான் வரல" என்று ஒரே பிடி. அவள் பிடிவாதம் உலகம் அறிந்தது. ஞாயிற்றுக்கிழமை ஓ.டி.க்குப் பேர் கொடுத்துவிட்டாள். ஒரு ஞாயிறுக்கு ஆயிரத்து இருநூறு. ஏழு ஞாயிறு. ஐம்பத்தெட்டு வயசுக்காரி, காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு கிடக்கிறது, எட்டு மணி நேரம் சிமென்ட் தரையில் நின்று பெட்டி கட்டினாள், தம்பி. ஒவ்வொரு திங்களும் காலையில் ரூபாயை நாலாக மடித்து என் கோட்டுப் பையில் வைத்துவிட்டுப் போவாள். உன் இலவசத்துக்கு அவள் கட்டிய விலை அது. உனக்குச் சோறு இறங்குகிறதா?

இதோடு விட்டிருந்தால் என் தலையெழுத்து என்று இருந்திருப்பேன். ஜூலை கடைசியில் டிஸ்பாட்ச் ரகு எங்கள் கப்பல் பேச்சைக் கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே வந்தான். ஏப்ரலில் கல்யாண நாளுக்கு அவனும் அவன் மனைவியும் அதே கப்பலில், அதே மாதிரி அறையில் போய் வந்திருக்கிறார்கள். தள்ளுபடி, விழா, மண்ணாங்கட்டி எதுவும் இல்லை. இரண்டு பேருக்கும் எல்லாம் சேர்த்து முப்பத்தாறாயிரம். ரசீதையே காட்டினான். நாங்கள் ஒரு அறைக்கு நாற்பதாயிரம் கட்டியிருக்கிறோம். அறுபது சதவீதத் தள்ளுபடியில் நாலாயிரம் கூடுதலாகக் கொடுத்த கூட்டம் இந்த ஒரகடத்தில் நாங்களாகத்தான் இருப்போம்.

அப்போதும் உன் மேல் பழி போட மனசு வரவில்லை. ஏப்ரல் வேறு, அக்டோபர் வேறு, இருக்கலாம் என்று மூன்று வாரம் தினமும் எங்கள் கப்பலின் அதே தேதிக்கு விலையைப் பார்த்து இசைவாணியின் பழைய பள்ளிக்கூட நோட்டில் எழுதி வைத்தேன். இன்றோடு முடிகிறது என்று நீ சொன்ன விற்பனை முடியவே இல்லை. பேர்தான் மாறியது. ஆடிக்கு ஒரு பேர், சுதந்திர தினத்துக்கு ஒரு பேர், பிள்ளையார் சதுர்த்திக்கு ஒரு பேர். சதவீதம் ஏறினால் கோடு போட்டு அடித்த விலையும் கூடவே ஏறும். அடியில் வரும் மொத்தம் மட்டும் நாற்பதாயிரத்தைச் சுற்றிச் சுற்றியே நின்றது. ஒரே ஒரு புதன்கிழமை, எந்த விளம்பரமும் இல்லாத நாளில், முப்பத்து நாலாயிரம் காட்டியது. நிஜமாகவே விலை குறைந்த அன்றைக்கு ஒருத்தரும் எனக்கு போன் செய்து சொல்லவில்லை. ஆடித் தள்ளுபடியில் புடவை எடுத்தால் கூடத் துணியைக் கையில் பிடித்துப் பார்க்கலாம்டா. இதில் எதைப் பிடித்துப் பார்ப்பது?

என் வேலை என்ன என்று உனக்குத் தெரியும். வெளியிலிருந்து வரும் உதிரிபாகத்தின் துளையை கேஜ் விட்டு அளந்து, சரியென்றால் உள்ளே விடுவேன், இல்லையென்றால் சிவப்பு அட்டை கட்டித் தள்ளி வைப்பேன். அதில் சேர்ந்த முதல் நாள் சொல்லிக் கொடுக்கும் சட்டம் ஒன்று உண்டு. பொருளைக் கொண்டு வருகிறவன் கையிலிருக்கும் கேஜை வாங்கி அவன் பொருளை அளக்கக் கூடாது. எங்கள் கேஜில்தான் அளக்க வேண்டும். ஒரு தடவை ஒருத்தன் ஸ்வீட் பாக்ஸோடு தன் கேஜையும் நீட்டினான். அதில் அத்தனையும் பாஸ். எங்கள் கேஜில் பாதிக்கு மேல் போகவில்லை. திருப்பி அனுப்பினேன், சூப்பர்வைசர் கை தட்டினார். அப்படிப்பட்டவள் நீ கொடுத்த ஐம்பத்தெட்டாயிரத்தை அளவாக வைத்துக்கொண்டு இருபத்து மூவாயிரத்தைப் பார்த்து வாயைப் பிளந்தேன். வேறு எவன் நீட்டியிருந்தாலும் வாங்கியிருக்க மாட்டேன். நீட்டியது நீ.

கடைசியாக நீ போனை எடுத்தது ஆகஸ்ட் பத்தொன்பது. விலை தினமும் மாறும், தொழில் என்றால் அப்படித்தான், எல்லாக் கம்பெனியும் இதைத்தான் செய்கிறது என்றாய். மாறட்டும், வேண்டாம் என்றா சொன்னேன்? ஒருத்தரும் கொடுக்காத விலையை எழுதி, அதை அடித்துக் காட்டி, இவ்வளவு மிச்சம் என்று ஏன் சொல்கிறீர்கள் என்றுதான் கேட்டேன். அப்போதுதான் உன் வாயிலிருந்து வந்தது. அந்த மாச டார்கெட்டுக்கு எட்டுப் பேர் குறைந்தது, நாங்கள் எட்டுப் பேர் வந்ததால் உன் வேலை தப்பியது என்று. சொல்லிவிட்டு போனை வைத்தாய். கூடப் பிறந்தவளை எண்ணிக்கைக்குச் சேர்த்துக்கொண்டாயா, பாவி? வேலைக்கு ஆபத்து, உதவி பண்ணு அக்கா என்று நேராகக் கேட்டிருந்தால் என் காதில் கிடப்பதைக் கழற்றி அனுப்பியிருப்பேனே. என்னிடம் கேட்க உனக்கு வெட்கம். கோவிந்தம்மாவை ஏழு ஞாயிறு நிற்க வைக்க வெட்கமில்லை.

லைனில் நானே சொல்லிவிட்டேன். ஷிஃப்ட் தொடங்கும் முன் ஐந்து நிமிஷம் எல்லோரும் நின்று பேசுவோம் இல்லையா, அங்கே. என் தம்பி நீட்டியதை அளக்காமல் பாஸ் பண்ணியது நான்தான், தப்பு என்னுடையது என்றேன். நாலு வசவு விழும், வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன். ஒருத்தியும் திட்டவில்லை. ஜாஸ்மின் மட்டும், "வுடுக்கா, போறோம், கப்பல நல்லா சுத்திப் பாக்குறோம், அத்தோட வுடு" என்றாள். திட்டியிருந்தால் தேவலை.

பேக்கிங் வேறு ஷெட் என்பதால் கோவிந்தம்மா அந்தப் பேச்சில் இல்லை. அவளுக்கு ஏப்ரல் விலையும் தெரியாது, உன் டார்கெட்டும் தெரியாது. மூன்று தடவை சொல்லப் போய்த் திரும்பி வந்தேன். புதுப் பை வாங்கியிருக்கிறாள். கப்பலில் குளிருமா, சுவெட்டர் வேண்டுமா என்று தினமும் கேட்கிறாள். அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வேன்? மற்ற ஆறு பேரும் வாயைத் திறக்க மாட்டோம் என்று எனக்குச் சத்தியம் செய்திருக்கிறார்கள். அது உன் வாயால்தான் வர வேண்டும்.

இந்தக் கூரியரில் ஒரு பொட்டலம் இருக்கும். பிரித்திருப்பாய். நீலக் கட்டம் போட்ட சட்டை. நான் வாங்கியதில்லை. போன வாரம் கோவிந்தம்மா ஸ்ரீபெரும்புதூர் கடைத்தெருவில் வாங்கி வந்து என் கையில் கொடுத்தாள். "அந்தத் தம்பி மட்டும் சொல்லலன்னா நமக்கு இன்னா தெரியும்? நம்மள நெனச்சிக்கினு போன் போட்டுச்சே" என்றாள். உன் அளவு என்னவென்று கேட்டாள். நாற்பது என்றேன். இப்போது உனக்கு அது சரியாக இருக்குமா என்று எனக்குத் தெரியவில்லை, தம்பி.

மற்றபடி, கேட்கத்தான் மனசு அடித்துக்கொள்கிறது. சாப்பாடு எப்படி? அந்த அறையில் இன்னும் ஐந்து பேரா? போன தடவை வீடியோவில் கன்னம் ஒட்டிக் கிடந்தது. அந்த வேலை உன்னை என்ன பாடுபடுத்துகிறது என்று தெரியாமல் இல்லை. மாமாவிடம் சொன்னேன். இங்கே கம்பெனி பஸ் ஆபீசில் கணக்குப் பார்க்க ஆள் தேடுகிறார்களாம். சம்பளம் குறைவு. வந்தால் நம் வீட்டில் தட்டு இருக்கிறது.

பணத்தைத் திருப்பிக் கொடு என்று நான் கேட்கவில்லை. உன்னிடம் இருக்காது என்று தெரியும். அக்டோபர் மூன்றாம் தேதி காலை பத்து மணிக்குத் துறைமுக வாசலில் நிற்போம். அதற்குள் அந்தச் சட்டையை ஒரு தடவை போட்டுப் பார். போட்டுக்கொண்டு கோவிந்தம்மாவுக்கு போன் செய். ஏப்ரலில் என்ன விலை, ஏன் அன்று எனக்கு போன் செய்தாய், எல்லாவற்றையும் சொல். அவள் ஒன்றும் திட்ட மாட்டாள், அதையும் நீ கேட்டுக்கொள்ள வேண்டும். சொல்ல முடியாது என்றால் சட்டையை மடிப்புக் கலையாமல் திருப்பி அனுப்பிவிடு. அளவு சரியில்லை என்று அவளிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். வேளைக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
எத்தனை கோபம் வந்தாலும் உன் அக்காவாகவே இருக்கிற
செந்தாமரை