‘சாப்பாடு ஆறுது’ பாறையும் இரண்டு புத்தகங்களும்

அன்புள்ள கோரிக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் நலம், என் இடது முட்டியை மட்டும் கணக்கில் சேர்க்காதே. நீயும் உன் ஆடுகளும் அந்த நியூசிலாந்துக் குளிரில் நலமாக இருக்க ஆண்டவர் துணை இருக்கட்டும். இங்கே பனி உருகி ஆறு கலங்கி ஓடுகிறது, அங்கே இப்போதுதான் குளிர் தொடங்குகிறது என்று எழுதியிருந்தாய், போன வருடம் அனுப்பிய கம்பளிச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொள், அலமாரியில் வைத்து அழகு பார்க்க நான் அதைப் பின்னவில்லை. தேவாலயக் கூரை ஒழுகுகிறது, அப்பாதான் ஏறிச் சரிசெய்கிறார், இந்த வயதில் எதற்கு என்று கேட்டால் காது கேட்காதவர் மாதிரி ஏணியை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். அந்த ஏணிக்கு இந்த வசந்தத்தில் வேறு வேலையும் வந்தது, அதைச் சொல்லத்தான் இவ்வளவு பெரிய கடிதம்.

உன்னோடு வேலை செய்கிற இரண்டு பெண்கள் இலையுதிர் காலத்தில் நம் பள்ளத்தாக்குக்குப் பாறை ஏற வருகிறார்கள், நம் கடையில் இருக்கிற வழிகாட்டிப் புத்தகத்தில் ஒன்றை அவர்களுக்காக அனுப்பு என்று ஒரே வரியில் எழுதிவிட்டாய். அந்த ஒரு வரி என்னை என்ன பாடு படுத்தியது என்று உனக்குத் தெரியாது. நீ இங்கே இருந்தபோது ஒரே புத்தகம்தான், டூவி மாமா தானே எழுதி, தானே படம் வரைந்து, நகல் எடுத்து, சுருள் கம்பி கோத்துக் கொண்டுவந்து கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் அடுக்கிவிட்டுப் போவார். இப்போது இன்னொன்று வந்திருக்கிறது, ஹேட்டி என்கிற பெண்ணும் அவள் கணவனும் மூன்று குளிர்காலம் இங்கேயே ஒரு வேன் வண்டிக்குள் குடியிருந்து எழுதியது, வழவழப்பான தாள், வண்ணப் படம், செங்கல் கனம். இரண்டையும் வை என்கிறார் அப்பா. வைத்தால் பைக்கு லேசாக இருக்கிறது என்று எல்லோரும் ஒல்லியானதைத்தான் எடுப்பார்கள், எனக்குத் தெரியாதா. அதோடு வருகிறவர்கள் எல்லாரும் கல்லாவில் நின்று எது நல்லது என்று என் முகத்தைத்தான் பார்க்கிறார்கள்.

பனி விட்டதும் ஒரு புருஷன் பெண்டாட்டி வந்தார்கள், டூவி மாமா புத்தகத்தை வாங்கிக்கொண்டு போனார்கள். நேராக உன் ‘சாப்பாடு ஆறுது’ பாறைக்குத்தான் போயிருக்கிறார்கள். மேலே ஏறியதும் பின்பக்கமாக நடந்தே இறங்கிவிடலாம், கோழிகூட இறங்கும் என்று மாமா எழுதியிருக்கிறார் இல்லையா, அந்தப் பின்பக்கப் படிக்கல் போன இலையுதிர் காலத்திலேயே உடைந்து விழுந்துவிட்டது, யாரோ வெளியூர்க்காரர்கள் மழை விட்ட மறுநாளே ஏறியிருக்கிறார்கள். நம் மணற்பாறை நனைந்தால் ரொட்டி மாதிரி ஊறிவிடும், காயும்வரை யாரும் கை வைக்கக் கூடாது என்பது இந்த ஊரில் தெரியாதவர் உண்டா. அதனாலேயே டூவி மாமா அதைப் புத்தகத்தில் ஒரு இடத்திலும் எழுதவில்லை. பாவம், அந்த இரண்டு பேரும் ஏறிய வழியே இறங்கவும் முடியாமல், குதிக்கவும் தைரியம் இல்லாமல், மத்தியானம் முழுக்க மேலேயே உட்கார்ந்து கத்தியிருக்கிறார்கள். வேலி சரிசெய்யப் போன அப்பாவுக்குக் கேட்டு, கூரை ஏணியைக் கொண்டுபோய் இறக்கிவிட்டார். கோழியே இறங்கும்னு போட்டிருக்கேங்க என்று அந்த மனுஷன் அழாத குறையாகச் சொன்னானாம், அந்தக் கோழியத்தாம்ப்பா நாங்களும் தேடிட்டிருக்கோம் என்றாராம் உன் அப்பா. ஊரே சிரித்தது. எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை, அந்தப் புத்தகத்தை விற்றது நான்.

அதனால் ஒரு ஞாயிறு சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு நானே கிளம்பினேன். ஏறுவதற்கு இல்லை, பயப்படாதே, பாறையைக் கண்டுபிடிக்க முடிகிறதா என்று பார்க்கத்தான். டூவி மாமா என்ன எழுதியிருக்கிறார் தெரியுமா, ஹேன்சன் வீட்டுச் சிவப்பு லாரி நிற்கிற இடத்தில் இடப்பக்கம் திரும்பு, பெப்பர் குரைக்கிற இடத்தில் ஆற்றைத் தாண்டு. லாரி பழைய இரும்புக்குப் போயாயிற்று, பெப்பர் செத்து எத்தனையோ வருடம் ஆயிற்று. ஆனாலும் நான் சரியாகப் போய்ச் சேர்ந்தேன், சேர்ந்த பிறகுதான் புரிந்தது, நான் புத்தகத்தைப் பார்த்து வரவே இல்லை, லாரி எங்கே நின்றது என்று எனக்கே தெரியும் என்பதால் வந்தேன். ஹேட்டி புத்தகத்தில் முதல் பக்கத்திலேயே, விரலால் மண்ணைத் தோண்டிப் பார், உள்ளே ஈரம் இருந்தால் ஏறாதே, வீட்டுக்குப் போ என்று போட்டிருக்கிறாள். விழுந்தால் தாங்க மெத்தையை எங்கே விரிப்பது, எந்தப் பக்கம் கல் இருக்கிறது, பின்பக்கம் உடைந்துவிட்டது, இனிமேல் எப்படி இறங்குவது எல்லாம் இருக்கிறது. அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்து உன் பாறையின் பக்கத்தைத் திருப்பினேன். படம் இருந்தது. பெயர் வேறு. மஞ்சள் பூதமாம், கொலராடோவிலிருந்து வந்த இரண்டு பையன்கள் முதலில் ஏறி வைத்த பெயராம். ‘சாப்பாடு ஆறுது’ என்பது எங்கேயும் இல்லை, உன் பெயரும் இல்லை. எனக்குச் சுருக்கென்றது. அந்தப் பாறையின் பெயர் நான் உன்னைப் பார்த்துக் கத்தியது அல்லவா. ஜெர்மனியிலிருந்து வந்த ஒருவன் கடையில் நின்று அதே ராகத்தில் சாப்பாடு ஆறுதூ என்று சொல்லி வழி கேட்டானே, அன்றைக்கெல்லாம் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த வாரம் ஹேட்டி புத்தகக் கட்டோடு கடைக்கு வந்தாள். வெயிலில் மூக்கு உரிந்துபோய், நகமெல்லாம் பிடி வழுக்காமல் பூசிக்கொள்கிற அந்த வெள்ளைப் பொடி, ஒரு காலத்தில் நீ நின்ற மாதிரியே நின்றாள், அதனால் எனக்குக் கோபப்படவும் முடியவில்லை. கேட்டேன். பழைய புஸ்தகத்துல அந்தப் பேர பாத்தோம்மா, ஆனா முன்பக்கம் ரொம்பக் கஷ்டம், பதினாலு வயசுப் பொண்ணு தனியா, மெத்தைகூட இல்லாம ஏறினான்னா நேர்ல பாத்தவங்க யாராவது சொல்லணும்ல, யாரைக் கேட்டாலும் அவங்க சொன்னாங்க இவங்க சொன்னாங்கன்னுதான் வருது என்றாள். அப்பா தீவன மூட்டையைக் கீழே போட்டுவிட்டு, நான் சொல்றேன் போதாதா, எம் பொண்ணு முன்பக்கமாத்தான் ஏறினா என்றார். நீங்க பாத்தீங்களா என்றாள் அவள். அவ அம்மா பாத்தா என்று என்னைக் கை காட்டினார். இரண்டு பேரும் என்னையே பார்க்கிறார்கள். நான் என்ன செய்வேன், மேல உக்காந்திருந்ததப் பாத்தேன், ஏறினதப் பாக்கல என்று சொல்லிவிட்டேன். நம் வண்டியை நான் யாருக்கோ விற்றுவிட்ட மாதிரி அப்பா என்னைப் பார்த்தார். ஆனால் கோரி, அன்றைக்குப் பின்பக்கப் படிக்கல் நன்றாகத்தானே இருந்தது, கோழி இறங்கக்கூடிய வழியில் கோழி ஏறவும் செய்யும்.

ஹேட்டி நல்ல பெண். சாட்சியெல்லாம் வேண்டாம்மா, எங்க ஆளுங்க வழக்கம் ஏறினவங்க வாய்வார்த்தைதான், அவங்களே ஏறினேன்னு சொல்லிட்டாப் போதும், யாரும் மறுபேச்சு பேச மாட்டோம், முதல்ல ஏறினவங்க வச்ச பேருதான் நிக்கும், குளிர்காலத்துல திரும்ப அச்சுக்குப் போறப்ப மாத்திடறேன், நீங்க அவங்களையே கேட்டுச் சொல்லுங்க என்றாள். கேக்கறதென்ன, எழுதிக்கம்மா என்று அப்பா ஆரம்பித்தார். கேட்டுட்டுச் சொல்றோம் என்று நான் குறுக்கே விழுந்தேன். அன்று ராத்திரி சாப்பாட்டு மேஜையில் உப்பை எடு என்பதைத் தவிர அவர் என்னோடு வேறு பேச்சுப் பேசவில்லை.

டூவி மாமாவுக்குக் கடை ஆள் மூலம் சொல்லி அனுப்ப மனம் வரவில்லை, சீஸ் போட்டு வேகவைத்த உருளைக்கிழங்கை ஒரு பாத்திரம் எடுத்துக்கொண்டு நானே போனேன். இனிமேல் கடையில் உங்கள் புத்தகம் வைக்கப்போவதில்லை என்று சொன்னேன். கொஞ்ச நேரம் முள்கரண்டியை வைத்து உருளைக்கிழங்கைக் கிண்டிக்கொண்டிருந்தார். ஊர்க்காரனுக்குன்னு எழுதினேன் லூ, ஊர்க்காரனுக்குப் புஸ்தகமே தேவையில்ல, எனக்கு அது தோணவே இல்ல பாரு என்றார். பிறகு உன் பாறையைப் பற்றிக் கேட்டேன். உம் புருஷன் க்ளென்தான் கடையில நின்னு பெருமையடிச்சான், நான் எழுதிட்டேன், அந்தப் புள்ளகிட்ட யாரும் கேக்கலியே என்றார். பாத்திரத்தைக் கழுவாமல் திருப்பிக் கொடுத்தார், அதனால் கொஞ்சம் வருத்தம் இருக்கும் என்று நினைக்கிறேன், ஆனால் செவ்வாய்க்கிழமை வழக்கம்போலக் காபிக்கு வந்துவிட்டார்.

ஆக உன் சிநேகிதிகளுக்கு இந்தப் பார்சலில் இருப்பது ஹேட்டியின் புத்தகம். கல்லாப்பெட்டிப் பக்கத்திலும் அதுதான். என் மகள் பெயர் இல்லாத புத்தகத்தை என் கையாலேயே எடுத்துக் கொடுப்பது எனக்குப் பிடிக்கவில்லை, அதை மறைக்க மாட்டேன், ஆனால் யாரோ பெற்ற பிள்ளை கால் உடைந்து கிடப்பதைவிட இது தேவலை.

அன்றிலிருந்து ஒன்றையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். டூவி மாமா புத்தகத்தில் உன் பெயர் வந்த பிறகு நீ அந்தப் பாறைப் பக்கம் அதிகம் போகவில்லை. அப்பா அந்தக் கதையை யாரிடமாவது ஆரம்பித்தால் நீ எழுந்து பாத்திரம் கழுவப் போய்விடுவாய். பெருமை பிடிக்காத பிள்ளை என்று நான் சொல்லிக்கொண்டேன், இப்போது இரண்டு விதமாகவும் தோன்றுகிறது. நாங்கள் சொன்னோம், டூவி மாமா எழுதினார், ஊர் பேசியது, டூவி மாமா சொன்னது போல உன்னை மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. அதனால் இப்போது நான் கேட்கிறேன். முன்பக்கமாக ஏறினாய் என்றால் அப்படியே எழுது, ஹேட்டிக்கு அது போதும், எனக்கும் போதும். பின்பக்கமாக என்றால் அதையும் அப்படியே எழுது, அது உன் அப்பா சொன்ன கதை, நீ கடல் தாண்டியும் அதைச் சுமக்க வேண்டியதில்லை, அவரிடம் நான் பேசிக்கொள்கிறேன், மிஞ்சிப்போனால் இன்னும் இரண்டு நாள் உப்பு கேட்பார். எப்படி ஏறினாய் என்பதை நான் பார்க்கவில்லை கோரி. நான் கூப்பிட்டதும் நீ இறங்கி ஓடி வந்ததைப் பார்த்தேன், என் மனதில் அந்தப் பாறைக்கு அந்தப் பெயர் அதற்காகத்தான்.

ஆண்டவர் உன்னை எல்லாத் தீங்கிலிருந்தும் காத்து, உன் கையின் வேலையை ஆசீர்வதிக்கட்டும். அப்பாவின் அன்பும் இதில் உண்டு, சொல்லச் சொல்லவில்லை, ஆனால் பார்சலைக் கட்டியது அவர்தான், முடிச்சைப் பார்த்தாலே தெரியும். கத்தரிக்கோலால் வெட்டாதே, கயிறு நல்ல கயிறு. கம்பளிச் சட்டையை மறக்காதே. பதிலைத் தொலைபேசியில் சொல்லாமல் கடிதத்தில் எழுது, என் பெயருக்கு.

என்றும் உன் நலம் கோரும்
அம்மா,
லுவான்