உன்னைக் கேட்காமல் ஆடிய ஆட்டம்

நேற்று விளையாட்டு அறையின் இரும்பு அலுமாரியைத் துப்புரவாக்கினோம். மேல்தட்டின் மூலையில் ஒரு துணிப்பை. அவிழ்த்ததும் பூச்சி உருண்டை மணம் மூக்கில் அடித்தது. உள்ளே கணுக்கால்வரை நீண்ட கறுப்புக் காற்சட்டைகள், ஊசி தேவைப்படாமல் தலையோடு ஒட்டி நிற்கும் சிறிய முக்காடுகள். எல்லாம் நீ தைத்தவை. சிலாபத்திலிருந்து மாற்றலாகி வந்திருக்கும் விளையாட்டு ஆசிரியை ஒன்றை விரித்துப் பார்த்துவிட்டு, "இனி இது தேவையில்லையே மிஸ், இப்ப கடையிலயே விக்கிறாங்கதானே" என்றாள். ஓம், விற்கிறார்கள். புத்தளம் பஸ் நிலையத்துக்கு எதிரிலுள்ள கடையில் றக்பிப் பந்தைக்கூட வலையில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். நீ இதைப் பார்த்திருந்தால் கடை வாசலிலேயே நின்று சிரித்திருப்பாய்.

அந்தப் பந்தை நாம் இருவரும் முதன்முதலில் தொட்ட நாள் நினைவிருக்கிறது. போர் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. றக்பி என்றால் கொழும்பிலும் கண்டியிலும் பெரிய கல்லூரிப் பிள்ளைகள் விளையாடுவது, வாகனங்களில் கொடி கட்டிக்கொண்டு போவது என்பதற்கு மேல் நமக்கு ஒன்றும் தெரியாது. திடீரென்று பெண் பிள்ளைகளுக்கும் பழக்கச் சொல்லி நான்கு பந்துகளும் ஒரு விசிலும் நம் பாடசாலைக்கு வந்தன. விளையாட்டு ஆசிரியர் இல்லாததால் கணிதம் படிப்பித்த என் தலையில் அதிபர் அதைக் கட்டினார். சமையலும் தையலும் சொல்லிக்கொடுக்கும் மனைப்பொருளியல் ஆசிரியையான நீ, உன் அறையிலிருந்து எட்டிப் பார்த்து, பந்தைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய்.

"என்ன ரீட்டா இது, பப்பாசிக்காய் மாதிரி?"

பந்துகளைக் கொண்டுவந்த விளையாட்டு அதிகாரி தந்துவிட்டுப் போன தாளை வாசித்துச் சொன்னேன். பந்தோடு முன்னுக்கு ஓடலாம். ஆனால் கையால் எறிவதென்றால் பின்னுக்கு வருகிறவளுக்குத்தான் எறிய வேண்டும்.

"அப்படியெண்டா எங்கட சனத்துக்கு லேசு" என்றாய். "முன்னுக்கு ஓடி ஓடிப் பின்னுக்கே பாக்கிற ஆக்கள்தானே நாங்க."

சொல்லிவிட்டு நீயே சிரித்தாய். தொண்ணூறில் வடக்கு முஸ்லிம்களை ஊரைவிட்டுத் துரத்தியபோது, பத்து வயதில் மன்னாரிலிருந்து வள்ளத்தில் கற்பிட்டிக்கு வந்து இறங்கியவள் நீ. அந்தக் கதையை அப்போதெல்லாம் அதற்கு மேல் நீ சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

தாய்மாரை வழிக்குக் கொண்டுவந்தது நீதான். நான் வீடுகளுக்குப் போனால் தேத்தண்ணீர் தந்து, "பாப்பம் டீச்சர்" என்று அனுப்பிவிடுவார்கள். நீ போனால் அடுப்படிக்குள்ளேயே போய் உட்கார்ந்துவிடுவாய். "கால் தெரியாது, தலை தெரியாது, நான் தைச்சுத் தாறன். பிறகென்ன?" என்று கேட்பாய். கறுப்புத் துணியை நீயே வெட்டி, உன் வீட்டு மெசினில் தைத்தாய். கழுதைகள் மேய்ந்துகொண்டிருந்த உவர்மண் மைதானத்தில், உப்புநீர்க் களப்பின் காற்று பந்தை வேறெங்கோ தள்ள, பதினொரு பிள்ளைகள் விழுந்தெழும்பிப் பழகினார்கள்.

சிலாபத்தில் ஆடிய முதல் போட்டியில் ஒரு புள்ளிகூட எடுக்காமல் தோற்றோம். ஆனால் ஆட்டம் முடிந்தபோது எதிரணிச் சிங்களப் பிள்ளைகளின் முழங்கால்களெல்லாம் உரசி இரத்தம். நம் பிள்ளைகளுக்கு ஒரு கீறல் இல்லை. அவர்களுடைய பயிற்றுநர் உன்னிடம் வந்து, "அபிடத் மஹலா தெனவத டீச்சர்?" என்று கேட்டாள், எங்களுக்கும் தைத்துத் தருவீர்களா என்று. திரும்பி வரும் பஸ் முழுக்க நீ அதையே சொல்லிக்கொண்டு வந்தாய், நாம்தான் வென்றதுபோல.

அடுத்த வருடம் முப்பது பிள்ளைகள் சேர்ந்தார்கள். மதுரங்குளிப் பக்கத்துப் பாடசாலையொன்றும் அணி தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பூசை முடிந்து கோயிலிலிருந்து வரும்போது தேத்தண்ணீர்க் கடையில் கிரிக்கெட்டை மாற்றிவிட்டு றக்பி போட்டுக்கொண்டிருந்தார்கள். நீயும் தொலைக்காட்சியில் பார்த்துப் பார்த்து என்னைவிட நன்றாகச் சட்டங்களைத் தெரிந்துகொண்டாய். திங்கட்கிழமை ஆசிரியர் ஓய்வறையில் நடுவரின் பிழைகளை நீ எனக்கு விளங்கப்படுத்துவாய்.

அந்த நாட்களில்தான் உன் மகள் தானும் விளையாட வேண்டும் என்று கேட்டாள். பத்தாம் வகுப்பு. பாடசாலையில் அவளைவிட வேகமாக ஓட ஆளில்லை. நீ ஒரே சொல்லில் முடித்துவிட்டாய்.

"வேணாம்."

"மற்ற உம்மாமாருக்கு அவ்வளவு கதை சொன்னியே" என்றேன்.

"அது அவங்கட பிள்ளைகள் ரீட்டா. இது என்ட."

எனக்கு அது போலித்தனமாகப் பட்டது. ஊருக்கு ஒன்று, தனக்கு ஒன்று என்று மனதுக்குள் உன்னைக் குறை சொன்னேன். அதை உன் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் பின்னால் நடந்தது நடந்திருக்காது. மகள் முதலுதவிக் குழுவில் சேர்ந்தாள். அதற்கு நீ தடை சொல்லவில்லை. ஆனால் பயிற்சியின் முடிவில் அவளும் பந்தெடுத்து ஓடுவதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

மாகாணப் போட்டிக்குக் குருநாகல் போன அன்று, அணியில் கூட்டிப்போன ஒன்பது பேரில் இரண்டு பேருக்குக் காய்ச்சல். ஒருத்தி முதல் ஆட்டத்திலேயே கணுக்கால் சுளுக்கி உட்கார்ந்துவிட்டாள். ஏழு பேர் இறங்க வேண்டிய இடத்தில் ஆறு பேர். உன் மகள் மருந்துப் பெட்டியை வைத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"நான் இறங்கிறன் மிஸ். உம்மாட்டக் கேட்டாச்சு. ஓமாம்."

அவள் என் கண்ணைப் பார்க்கவில்லை. பொய் என்று எனக்கு அந்த நொடியே தெரியும். கைத்தொலைபேசி என் கையில்தான் இருந்தது. உனக்கு ஓர் அழைப்பு எடுக்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? எடுத்தால் நீ வேண்டாம் என்பாய் என்று தெரிந்ததால் எடுக்கவில்லை. அவள் கூடப் போய்வருவதற்கு மட்டும் நீ எழுதித் தந்திருந்த சம்மதக் கடிதத்தைக் காட்டி, அவளுடைய பெயரை அணியில் பதிந்தேன்.

அந்தப் போட்டியை யாரோ கைத்தொலைபேசியில் நேரலையாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அதைப் பற்றி நான் யோசிக்கவேயில்லை. முன்பெல்லாம் நாம் எங்கே போய் ஆடினாலும், திரும்பி வந்து சொன்னால்தான் ஊருக்குத் தெரியும். அன்று நம் பிள்ளைகளின் வீடுகளில் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டுப் பெண் போனைத் தூக்கிக்கொண்டு உன் வாசலுக்கு ஓடி வந்தாளாம்: "டீச்சர், உங்கட மகள்தானே இது!"

நீ பார்த்தாய். அவள் இரண்டு பேரைக் கடந்து ஓடிப்போய்க் கோட்டுக்கு அப்பால் பந்தை வைத்துப் புள்ளி எடுத்ததைப் பார்த்தாய். வாசலில் கூடி நின்ற பெண்கள் கூச்சலிட்டதைக் கேட்டாய். பிறகு, இரண்டாம் பாதியில், பெரிய பிள்ளையொருத்தி அவளை இடுப்போடு பிடித்து வீழ்த்தியதையும், அவள் எழும்பாமல் கிடந்ததையும் பார்த்தாய். நான் மைதானத்துக்குள் ஓடியது தெரிந்ததாம். அதோடு நேரலை நின்றுவிட்டது.

இடது தோளின் காறை எலும்பு முறிந்திருந்தது. வைத்தியசாலைக்குக் கொண்டுபோய், படம் எடுத்து, கையைக் கட்டிய பிறகுதான் உனக்கு அழைத்தேன். அதற்குள் ஒன்றரை மணித்தியாலம் கடந்திருந்தது. நீ ஏற்கெனவே வழியில் வந்துகொண்டிருந்தாய்.

வார்டுக்குள் வந்து மகளின் நெற்றியைத் தடவினாய். அவள் அழுதாள், நீ அழவில்லை. பிறகு என்னைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டாய்.

"அவள் உன்னட்ட என்ன சொன்னவள்?"

"நீ ஓமெண்டு சொன்னதா."

"நீ நம்பினியா?"

பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "இல்ல" என்றேன்.

நீ தலையை மட்டும் ஆட்டிவிட்டு உள்ளே போனாய். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அதன் பிறகு நான்கு மாதம் என்னோடு நீ கதைக்கவில்லை. ஓய்வறையில் உன் கதிரையை ஜன்னல் பக்கம் மாற்றிப் போட்டாய். அந்த நாட்களில் நீ ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும், எல்லாத் தாய்மாரும் பிள்ளைகளை நிறுத்தியிருப்பார்கள். நீ சொல்லவில்லை. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு அளவெடுத்துத் தைத்த காற்சட்டைகள் ஒழுங்காக வந்து என் மேசையில் இருந்தன. அவற்றைப் பார்க்கும்போதுதான் எனக்கு அதிகம் வெட்கமாக இருந்தது. பலமுறை உன் கதிரைவரை வந்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன்.

கடைசியில் நீதான் வந்தாய். பயிற்சி முடிந்து பிள்ளைகள் போன பின்னேரம். நான் பந்துகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். நீ மைதான ஓரத்து மதிலில் உட்கார்ந்து, என்னையும் உட்காரச் சொன்னாய்.

"வள்ளத்தில வந்தனாங்க எண்டு சொல்லியிருக்கிறன்தானே. எங்கட உம்மா வேற வள்ளம். நெரிசலுக்க என்னைத் தூக்கி ஆரோ ஒரு வள்ளத்தில போட்டிட்டாங்க. கற்பிட்டியில இறங்கினா உம்மா இல்ல. ரெண்டு நாள். மௌத்தாகிட்டா, இனி வரமாட்டா எண்டுதான் நினைச்சன். பிறகு வேற கரையில இறங்கித் தேடி வந்து சேந்தா."

கையிலிருந்த பந்தைக் கீழே வைத்தேன்.

"பிள்ளை விழுந்ததுக்கு எனக்குக் கோவமில்ல ரீட்டா. விளையாட்டெண்டா விழும். போன் நிண்டுபோச்சுத்தானே, அந்த ஒண்டரை மணித்தியாலம். அதுக்குள்ள அந்த ரெண்டு நாளும் திரும்ப வந்திட்டுது. என்ட பிள்ளை எங்க, எப்படிக் கிடக்கிறாள் எண்டு தெரியாம..."

"என்னை மன்னிச்சுக்கொள்" என்றேன். நான்கு மாதம் சொல்லாமல் வைத்திருந்த சொல். வெளியே வந்தபோது மிகச் சிறிதாக இருந்தது.

"மன்னிப்பு என்னத்துக்கு? இனி என்னைக் கேள். நான் வேணாமெண்டு சொன்னாலும் கேள்."

எழும்பி உடுப்பில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு, "அவள் நேத்து வந்து கேட்டவள்" என்றாய். "யோசிக்கிறன் எண்டு சொல்லியிருக்கிறன்."

யோசித்து முடிக்க உனக்கு இரண்டு மாதம் எடுத்தது. தோள் முழுதாகக் குணமாகிவிட்டது என்று வைத்தியர் சொன்ன பிறகு, நீயே அவளைக் கையில் பிடித்துக்கொண்டு மைதானத்துக்கு வந்தாய். அடுத்த பருவம் முழுக்கக் கோட்டோரத்தில் உன் குரல்தான் கேட்டது. "பின்னால பார்! பின்னால ஆளிருக்கு!" என்று நீ கத்துவதைக் கேட்டு எதிரணிப் பெற்றோரும் சிரிப்பார்கள். நம் பெண்களின் தேசிய அணி வெளிநாட்டில் ஆடிய நாளில், உங்கள் குடியிருப்பின் பொது மண்டபத்தில் வெள்ளைச் சீலை கட்டி, பாடசாலை புரொஜெக்டரில் போட்டாய். பெண்கள் நிரம்பி வழிந்தார்கள். கிழவிமார்கூட வந்திருந்தார்கள். நீ முன்னால் நின்று, யார் ஏன் விழுந்தார்கள், விசில் ஏன் ஊதப்பட்டது என்று விளங்கப்படுத்தினாய். வீட்டு வேலையை விட்டுவிட்டு நம் பெண்கள் ஒரு விளையாட்டைப் பார்க்கக் கூடியிருந்ததை அன்றுதான் நான் முதன்முறை கண்டேன்.

அடுத்த வருடமே உன் மார்பில் கட்டி என்றார்கள். கொழும்புக்கு மருந்துக்குப் போய்வந்த நாட்களிலும், முடி உதிர்ந்த தலையில் நீ தைத்த அதே விளையாட்டு முக்காட்டைப் போட்டுக்கொண்டு, "நானும் இப்ப டீம்" என்று சொன்னாய். கடைசியாக உன்னைப் பார்த்தபோது களைத்திருந்தாய். கதைக்க ஏலாமல் என் விரல்களைப் பிடித்துக்கொண்டு கிடந்தாய். நீ போய்விட்ட அன்று, உன் ஜனாஸா வீட்டில் பெண்கள் பகுதியில் எனக்கு இடம் விட்டார்கள். சிலாபத்துப் பயிற்றுநரும் வந்திருந்தாள். அவளுக்கு நம் பாஷை தெரியாது. உன் மகளைக் கட்டிக்கொண்டு அவள் அழுததற்குப் பாஷை தேவைப்படவில்லை.

உன் மகள் இப்போது நடுவர் பயிற்சி முடித்திருக்கிறாள். இடது தோள் மாரிக்கு இன்னும் வலிக்குமாம். நம் பக்கத்தில் எத்தனை பாடசாலைகளில் அணி இருக்கிறது என்று எண்ணுவதை நான் விட்டுவிட்டேன்.

சென்ற மாதம் குறிஞ்சிப்பிட்டியிலிருந்து வரும் பிள்ளையொருத்தி, தாயின் கையெழுத்தோடு சம்மதக் கடிதம் கொண்டுவந்தாள். நல்ல ஓட்டக்காரி. எனக்கு அவள் கட்டாயம் வேண்டும். ஆனாலும் கடிதத்தை வாங்கிக்கொண்டு பஸ் ஏறி அவர்களுடைய வீட்டுக்குப் போனேன். வெங்காயத் தோட்டத்தில் களை பிடுங்கிக்கொண்டிருந்த தாய், சேறு படிந்த கையோடு எழும்பி வந்தாள். எலும்பு முறியலாம் என்பதையும் சொன்னேன். கடிதத்தைப் பார்த்துவிட்டு, "கையெழுத்து என்டதுதான் டீச்சர். அவள் அழுதாளெண்டு போட்டன். எனக்கு விருப்பமில்ல" என்றாள். சரி என்று சொல்லி, அவள் தந்த வெங்காயப் பிடியையும் வாங்கிக்கொண்டு வந்தேன். அந்தப் பிள்ளை இல்லாமல்தான் அணியை எழுதினேன். அவள் இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை.

இன்னொரு பழக்கமும் எனக்கு ஒட்டிக்கொண்டுவிட்டது. கடைசி விசில் ஊதியதும் போனை எடுத்துவிடுவேன். "பிள்ளை நல்லா இருக்கிறாள்" என்று ஒவ்வொரு வீட்டுக்கும் சொல்லி முடிக்கும்வரை வேறொன்றும் காதில் விழாது. நேரலையில் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கும் சொல்வேன். பிள்ளைகள் இதை வைத்துப் பகிடி பண்ணுகிறார்கள்: "கணக்கு மிஸ்ஸுக்கு ஸ்கோர் கேட்டாத் தெரியாது. எங்கட உம்மாமாரிட நம்பரெல்லாம் பாடம்."

உண்மைதான். போன சனிக்கிழமை எத்தனைக்கு எத்தனை என்று வென்றோம் என்பதை அவர்களைக் கேட்டுத்தான் உனக்கு எழுத வேண்டும். எந்த வீட்டில் யார் போனை எடுத்தார்கள், என்னுடைய குரலைக் கேட்டதும் யார் மூச்சை இழுத்துவிட்டார்கள் என்று கேள், ஒன்றுவிடாமல் சொல்கிறேன்.